கோமளாக்கா மைக்கில் சொன்ன பெயர்

செய்தி வந்தபோது மதுராந்தகத்தில் இருந்தேன். ஏரியிலிருந்து வரும் பாசனக் கால்வாய் ஒன்று தூர்ந்து கிடப்பதைக் காட்ட விவசாயிகள் சிலர் வரச்சொல்லியிருந்தார்கள். கால்வாய்க்குள் இறங்கி நடந்துகொண்டிருக்கையில் கைபேசி அடித்தது. டேவிட். செங்கல்பட்டில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பார். மேடைக்காரர்கள் காலை வேளையில் யாரையும் கூப்பிடுவதில்லை. எடுக்கும்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

"சார், கோமளாக்கா பூட்டாங்க சார்."

"எப்போ? எங்கே?" என்றேன். தொழில் பழக்கம்.

"இன்னா சார், பேப்பருக்கா கேக்குற?" என்றார் டேவிட். பிறகு அவரே சொன்னார். "வூட்லதான் சார். காபி போட எழுந்துச்சாம். பால் பொங்கி வழியுது, ஆளு சத்தத்தக் காணோம். தங்கச்சி வந்து பாத்தா செவுத்துல சாஞ்சி ஒக்காந்துகினு கீது. அவ்ளோதான்."

பிறகு அவர் கேட்டார்: "ஏழுமலைக்கு யாரு சார் சொல்றது?"

ஏழுமலை சிறையில் இருக்கிறான். செய்யாத கொலைக்காக. கோமளாக்கா தன் கடைசி வருடங்களை அவனை வெளியே கொண்டுவரவே செலவழித்தார். அவன் வெளியே வரவில்லை. அவர் போய்விட்டார். இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்ததற்கும், பலமுறை எழுந்து போனதற்கும் காரணம் அதுதான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை மேடையில் பார்த்த நினைவு இருக்கும். செய்யூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றினால் அன்று மாலை ஒரு கச்சேரி உண்டு. அவற்றில் எத்தனையோ மேடைகளில் மைக்கைப் பிடித்திருந்தவர் அவர். பகலில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பருப்பும் அரிசியும் அளந்து கொடுத்துவிட்டு, மாலையில் முகம் கழுவி, பட்டுப்போல் மினுக்கும் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்கில் வெந்நீருடன் வேனில் ஏறுவார். ஓய்வு பெற்ற பிறகு வேன் மட்டும் மிஞ்சியது. ஆண் குரல் பாட வேண்டியவர் வராத நாட்களில் அதையும் அவரே பாடிவிடுவார். ஆனால் பாடகி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நான் பேர் சொல்றவ சார். நடுவுல நடுவுல பாடுவேன்" என்பார்.

அது அடக்கத்தில் சொன்னது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவர் தன் வேலையைத்தான் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்துக் கச்சேரிகளில் பாட்டு பிடித்துப்போனவர்கள் மேடையேறி அன்பளிப்புக் கொடுப்பார்கள். சிலர் பாடுகிறவர் கையில் கொடுப்பார்கள். சிலர் வாசிப்பவரின் சட்டையில் நோட்டைக் குத்திவிட்டு இறங்குவார்கள். கொடுத்தவரின் ஊர், தெரு, பெயர், தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி நன்றி தெரிவிப்பது வழக்கம். ரசீது கிடையாது, கணக்கு எழுதுவது கிடையாது. மைக்கில் சொன்னால்தான் கீபோர்டுக்காரருக்கும் தபேலாக்காரருக்கும் பணம் வந்தது தெரியும். "மேடைக்கு ஒரு ரூபா வந்தாலும் பேர் சொல்லிட்டுதான் கீழ வைக்கணும். சொல்லாம வச்சா அது திருட்டு" என்பது கோமளாக்காவின் சட்டம். மற்ற குழுவினர் நேரம் போகிறது என்று நாலு பேரைச் சொல்லிவிட்டு மீதியை 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். அவர் முடிக்க மாட்டார். பாட்டின் நடுவே இசை வரும் இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டு, சரணத்துக்குச் சரியாகத் திரும்பி வந்துவிடுவார்.

ஒருமுறை என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் எழுதுறீங்களே ரிப்போர்ட்டர் சார், 'மற்றும் பலர் கலந்துகொண்டனர்'னு. அந்தப் பலருல ஒருத்தன் வூட்டுக்குப் போயி, நான் பேப்பர்ல வந்துகீறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியுமா? பலருன்னு ஒருத்தன் எங்கனா கீறானா சார்?"

எங்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் எழுதினேன். பத்திரிகையில் இடம் அவ்வளவுதான்.

ஏழுமலை அவருடைய குழுவில் டோலக் வாசித்தவன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. கடலுக்குப் போகும் குடும்பம். இவன் மட்டும் அலையைக் கண்டால் வாந்தி எடுப்பான் என்று கோமளாக்கா கேலி செய்வார். "மீன்காரன் வூட்ல பொறந்துட்டு கரையில நின்னுகினு தாளம் போடுறான் பாரு" என்பார். அவன் சிரிப்பான். அதிகம் பேசுகிறவன் அல்ல. அவருக்கு அவன் தம்பி முறை. அவனுக்கு அவர் அக்கா, அதோடு வேனில் முன் இருக்கையை விட்டுத்தராத எதிரி.

திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊர் ஏழுமலையின் மனைவி சுமதிக்குப் பிறந்த ஊர். அங்கே நடந்த திருவிழாக் கச்சேரி அவன் மைத்துனன் மூலமாக வந்தது. அம்மன் ஊர்வலம் எந்தத் தெருவுக்கு முதலில் வருவது என்பதில் மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் பழைய தகராறு. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, மேடைக்குப் பின்பக்கத் தெருவில் கைகலப்பாகி, மேலத் தெருக்காரர் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்துபோனார். புகார் கொடுத்தவர்கள் கோபத்திலும் துக்கத்திலும் எதிர்த்தரப்பு வீடுகளின் ஆண்கள் எல்லோர் பெயரையும் சொல்லிவிட்டார்கள். கீழத் தெருவில் இருந்த மைத்துனன் வீட்டு ஆண்களில் ஏழுமலையும் ஒருவன். அவன் பெயர் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க அவன் மேடையில் டோலக்குடன் உட்கார்ந்திருந்தான்.

கேட்பவர்கள் உடனே கேட்பது, செல்போனில் யாரும் படம் எடுக்கவில்லையா என்பதுதான். எடுத்தார்கள். நிறையப் பேர். நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். படம் எடுத்தவர்களுக்கு முன்னால் நின்று ஆடியவர்கள் வேண்டும், பாடிய கோமளாக்கா வேண்டும். டோலக்காரன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எல்லாப் படத்திலும் டோலக் கேட்கிறது, வாசிப்பவன் தெரியவில்லை. "அது ஏழுமலையோட கைதான்மா, எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்" என்று கோமளாக்கா வக்கீலிடம் சொன்னார். அந்தப் பெண் வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார்: "எனக்குத் தெரியுதும்மா. சத்தத்தை வச்சு ஆளை அடையாளம் சொன்னா கோர்ட்ல எடுத்துக்க மாட்டாங்க." உடன் வாசித்தவர்களின் சாட்சியும் வேண்டப்பட்டவர்களின் சாட்சி ஆகிவிடும் என்றார்.

வேண்டப்படாத சாட்சி ஒருவர் இருந்தார். மேலத் தெருக்காரர், இறந்தவருக்குத் தூரத்து உறவு. தகராறு நடந்த அதே நேரத்தில், விருப்பப் பாட்டு ஒன்றைக் கேட்க மேடையேறி, ஏழுமலையின் சட்டையில் நோட்டைக் குத்தியவர் அவர். குத்திவிட்டு நிமிரும்போதுதான் பின்தெருவில் அலறல் கேட்டது. கோமளாக்கா அவர் பெயரைச் சொல்வதற்குள் கச்சேரி நின்றுவிட்டது. சில நாள் கழித்து அவரே கோமளாக்காவைத் தேடி வந்தார். "அந்தப் புள்ள மேடையிலதான்மா இருந்துச்சி. என் கையால குத்துனேன். கோர்ட்ல வந்து சொல்றேன். ஆனா அதுவரைக்கும் ஊருக்குத் தெரிய வேணாம்" என்றார். அவர் பேச்சு முழுக்க நானும் பக்கத்தில் இருந்தேன். துண்டால் அடிக்கடி கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கை நடத்தவும், சுமதி வீட்டில் அடுப்பு எரியவும் பணம் வேண்டும். இசைக்காரர்களிடம் பணம் கிடையாது, இசைதான் உண்டு. கொளவாய் ஏரிப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஒருவர், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இடத்தைச் சும்மா கொடுத்தார். டேவிட் மூன்று குழுக்களைச் சேர்த்தார். கோமளாக்கா மீதி எல்லோரையும் சேர்த்தார். ஒன்றாக ஒரு மேடையில் நான் பார்த்திராதவர்கள் வந்தார்கள். திருக்கழுக்குன்றத்து நாதஸ்வரக்காரர்கள், செங்கல்பட்டு பேண்டு செட், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கரோக்கே பாடும் பொறியாளர், மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு கிடார் வாசிக்கும் நீளமுடிக்காரர்.

ஒத்திகை ரகளையாக இருந்தது. பொறியாளர் தன் சொந்த மைக்கை வெல்வெட் பையில் கொண்டுவந்து, வேறு யாரும் தொடக் கூடாது என்றார். கிடார்க்காரர் இன்ன ஸ்கேலில் மட்டும்தான் வரும் என்றார். நாதஸ்வரத்தின் சுருதிக்கு யாராலும் ஏற முடியவில்லை. பேண்டு செட் மாஸ்டர், "நாங்க ஊதுனா இந்த மண்டபத்துக் கண்ணாடி நிக்காது, அப்புறம் எங்களச் சொல்லாதீங்க" என்று முன்னெச்சரிக்கை கொடுத்தார்.

"எல்லாரும் ஏழுமலை சுருதிக்கு வாங்கப்பா" என்றார் கோமளாக்கா. "அவன் உள்ள கீறான். அவனால நம்ம சுருதிக்கு வர முடியாது."

யாரும் அதன் பிறகு வாதாடவில்லை. அவன் டோலக்கை வழக்கமாக எந்தச் சுருதிக்கு இழுத்துக் கட்டுவானோ அதையே வைத்துக்கொண்டார்கள். பொறியாளருக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது.

அந்த மாலை கூட்டம் நன்றாக வந்தது. பணம் கேட்டு உண்டியல் குலுக்க வேண்டாம், நமக்குத் தெரிந்த முறையே போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். மக்கள் மேடையேறிக் கொடுத்தார்கள். கோமளாக்கா பெயர்களைச் சொன்னார். கறிக்கடைக்காரர், கம்பவுண்டர், ரயிலில் கடலை விற்கும் பெண், சிறு குழந்தைகளின் பெயரில் கொடுத்த தாய்மார்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் இடையில் பாட்டு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதிக்கு மேல் ஆகியிருக்கும்போது அந்த மேலத் தெருக்காரர் உள்ளே வந்து பின்னால் நின்றதைப் பார்த்தேன். வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். மற்றவர்கள் போவதைப் பார்த்து அவரும் வரிசையில் வந்தார். மடித்த நோட்டைக் கோமளாக்காவின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பினார்.

கோமளாக்கா மைக்கில் அவர் ஊரைச் சொன்னார். மேலத் தெரு என்றார். அவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். "நம்ம ஏழுமலை தம்பிக்காக மனசாரக் கொடுத்த அண்ணனுக்கு மேடையின் சார்பாக நன்றி" என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இளைஞர்கள் சிலர் கைபேசியில் நேரலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலத் தெருக்காரர் அப்போது என் வரிசைக்குப் பக்கத்தில் இருந்தார். நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பந்திக் கூடத்து வழியாக வெளியே போய்விட்டார். மேடையில் டேவிட்டின் கை கீபோர்டுக் கட்டையில் அப்படியே நின்றுவிட்டது. கோமளாக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பாட்டைத் தொடங்கி முழுவதும் பாடினார்.

எல்லாம் முடிந்தபின் மணமகள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போனதும், "வாயி தானா சொல்லிச்சு சார். நான் சொல்லல" என்றார். பிறகு, "இல்ல. நான்தான் சொன்னேன்" என்றார். வக்கீலுக்கும் வீட்டுக்கும் வேண்டிய பணம் அன்று சேர்ந்துவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த நேரலைத் துண்டு மறுநாளே மேலத் தெருக்காரரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. என்ன நடந்தது என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாரும் அவரை அடிக்கவில்லை. சொந்தத் தெருக்காரனைக் கொன்றவர்களுக்குப் பணம் கொடுத்தவன் என்று மட்டும் சொன்னார்கள். அவர் மகனின் ஷேர் ஆட்டோவில் அந்தத் தெருவினர் ஏறுவதை நிறுத்தினார்கள். பால்காரர் வருவதில்லை. ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது உட்காரச் சொல்லவில்லை.

விசாரணையின்போது அவர் வந்தார். வருகிறேன் என்று சொன்ன நாளில் சரியாக வந்து கூண்டில் ஏறினார். "நான் அன்னிக்கி ஊர்லயே இல்லீங்க" என்றார். வக்கீல் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார். அவர் அதே பதிலைச் சொன்னார். இறங்கும்போது ஏழுமலை நின்ற பக்கம் பார்க்காமல் இறங்கினார். ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எதையோ மறந்துவிட்டுத் தேடுகிறவன் போல இருந்தான். நான் குறிப்பெடுக்க வந்தவன், குறிப்பெடுத்தேன். தீர்ப்பில் மற்றவர்களோடு அவனுக்கும் ஆயுள் தண்டனை.

அதற்குப் பிறகு கோமளாக்கா பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். வேறு மாதிரி நடந்தது. கச்சேரியின் தொடக்கத்தில் வாசிப்பவர்களை அறிமுகம் செய்வார்கள் அல்லவா? கீபோர்டு டேவிட், ரிதம் பேட் இன்னார், கிடார் இன்னார் என்று வரிசையாகச் சொல்லி வந்து, "டோலக், நம்ம ஏழுமலை. செய்யாத தப்புக்கு உள்ள கீறாரு" என்று சொல்லத் தொடங்கினார். டோலக்கில் உட்கார்ந்திருந்தவன் பாபு.

"அக்கா, அப்ப நான் யாரு? ஆவியா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான் அவன் ஒருநாள். கூட்டம் சிரித்தது. அதிலிருந்து "டோலக் ஏழுமலை, அவர் எடத்துல இன்னிக்கி பாபு" என்று மாற்றிக்கொண்டார். விழாக் குழுவினருக்கு இது பிடிக்கவில்லை. ஓர் ஊரில் தலைவர் ஒருவர் மேடைக்கே வந்து, "இன்னாம்மா, சாமி கும்புடுற எடத்துல ஜெயிலு கிய்லுன்னு பேசிகினு கீற?" என்றார். "சாமி காதுலயும் வுழட்டும்னுதான்" என்றார் கோமளாக்கா. அந்த ஊரில் மறுவருடம் வேறு குழுவைக் கூப்பிட்டார்கள். இன்னும் சில ஊர்களும் கைநழுவின. டேவிட் வருத்தப்பட்டார், சண்டை போட்டார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

தன்னால்தான் சாட்சி போனது என்பதை ஏழுமலையிடம் சொல்வதா என்று அவர் பலநாள் யோசித்தார். என்னிடமும் கேட்டார். ஒருநாள் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டான். பிறகு அவன் சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்: "நீ பேர் சொல்லாம வுட்டிருந்தாதான் அக்கா எனக்கு ஆச்சரியம்."

அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். மன்னித்தவனிடம் சண்டை போடுவதற்கு ஒன்றுமில்லையே.

இன்னொரு நாள், குப்பத்தில் சுமதியைப் பார்த்துவிட்டு நானும் அவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாற வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் கூட்டம். பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் அந்த மேலத் தெருக்காரர் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நகரப் பார்த்தார். கோமளாக்கா வேகமாகப் போனார். நான் பயந்தேன், ஏதாவது சொல்லிவிடப் போகிறார் என்று பின்னாலேயே போனேன்.

"அண்ணே, நில்லு. திட்ட வரல" என்றார். "உம் பேர நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ வேணாம்னு சொல்லியும் சொல்லிட்டேன். மன்னிச்சிக்க."

அவர் கையில் வெற்றிலையைப் பிடித்தபடி நின்றார். கண்கள் எங்கள் பின்னால் கூட்டத்தில் யாரையோ தேடின. "வேணாம்மா, யாருனா பாத்துருவாங்க. போம்மா. போயிரும்மா" என்றார்.

"சரிண்ணே" என்று சொல்லி அந்தக் கணமே திரும்பிவிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெகுதூரம் போன பிறகு சொன்னார்: "தம்பி பேர எல்லா எடத்துலயும் சொல்லணும். இந்த மனுசன் பேர எங்கயும் சொல்லக் கூடாது. ரெண்டையும் ஒரே வாயிதான் சார் செய்யணும். அதான் கஷ்டமா கீது."

பொய்ச் சாட்சி சொன்னவரிடம் போய் மன்னிப்புக் கேட்டவரை என் தொழிலில் நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு எல்லாக் குழுக்களும் வந்திருந்தன. பேண்டு செட் மாஸ்டர் ஊதத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வேறு யாரையோ ஊதச் சொன்னார். பொறியாளர் கல்பாக்கத்திலிருந்து விடுப்பெடுத்து வந்து, வெயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தெருமுனை டீக்கடையில், முகத்தைத் துண்டால் பாதி மறைத்தபடி ஒருவர் நின்றார். நான் அருகில் போனதும் அவரே பேசினார்.

"ரிப்போர்ட்டர்தானே நீங்க? பஸ் ஸ்டாண்டுலயும் அந்தம்மாகூட இருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

"ஊர வுட்டு வந்துட்டேன் சார். வேற ஊர்ல பொண்ணு வூட்ல கீறேன். அங்க யாருக்கும் என்னைத் தெரியாது." துண்டை இன்னும் மேலே இழுத்துக்கொண்டு, "இப்ப சொன்னா செல்லுமா சார்?" என்றார்.

இத்தனை வருடம் கோர்ட் வாசலில் நின்றவன் நான். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. வக்கீலிடம் அழைத்துப் போனேன். மேல்முறையீட்டில் புதிதாகச் சாட்சியம் எடுப்பது எளிதல்ல என்றார் அவர். ஒருமுறை இல்லை என்றவர் இப்போது ஆமாம் என்றால் எதை நம்புவது என்று கேட்பார்கள். பொய் சொன்னதற்காக இவர்மேலேயே வழக்கு வரக்கூடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மேலத் தெருக்காரர் கையெழுத்துப் போட்டார். மனு கொடுத்தாகிவிட்டது. எப்போது எடுப்பார்கள், எடுத்துக்கொள்வார்களா, ஒன்றும் தெரியாது.

இந்தப் பகுதியை எழுதியதும் அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். 'நெருக்கடியால் சாட்சியை மாற்றினார்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். "நெருக்கடின்னு வேணாம் சார். பயந்துட்டான்னு போடு" என்றார். அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டு அவர் சொன்னதை இங்கே போட்டிருக்கிறேன்.

கோமளாக்கா போனதை ஏழுமலைக்கு நானும் டேவிட்டும் போய்ச் சொன்னோம். அவனுக்கு அதற்குள் எப்படியோ தெரிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "யார் யார் வந்தாங்க?" என்று மட்டும் கேட்டான். டேவிட் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஊர் ஊராக, குழு குழுவாக. ஏழுமலை ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தான். எங்களுக்கு இரண்டு பக்கமும் வேறு குடும்பங்கள் நெருங்கி நின்றன. அதே வழக்கில் உள்ளே இருப்பவர்களைப் பார்க்க அந்த ஊரிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். டேவிட் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் டீக்கடையில் நின்றவர் பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். ஏழுமலைக்கு அதை வக்கீல் தனியாகச் சொல்வார்.

அந்தப் பெயர் இந்தக் கட்டுரையிலும் இல்லை. உங்களில் பலருக்கு அது தெரியும். அன்று மண்டபத்தில் நீங்களும் கைதட்டினீர்கள். கோர்ட் காகிதத்தில் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும்.

பெயர்களை எழுதிப் பிழைத்தவன் நான். சரியாக எழுதினால் என் கடமை முடிந்தது என்றிருந்தேன். ஒரு பெயரை உரக்கச் சொல்வதற்கு முன், அந்தப் பெயருக்கு உரியவர் இன்று மாலை எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யோசிப்பது, கோமளாக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

ஏழுமலை எந்தத் தெருவுக்கும் திரும்பிப் போவதில்லை. அவன் பெயரை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லுங்கள்.